பொது அறைக்குப் புதிதாக வருபவருக்கு: குடியேறும் நாள் முதல் விடைபெறும் நாள் வரை

மாணவர் விடுதி, பணியாளர் குடியிருப்பு, பலர் சேர்ந்து வாடகைக்கு எடுத்த வீடு, அடுக்குமாடிக் குடியிருப்பு, முதியோர் இல்லம் என்று எங்கே குடியேறினாலும் உங்களுக்கு இரண்டு இடங்கள் கிடைக்கின்றன. ஒன்று உங்கள் சொந்த அறை. பூட்டும் சாவியும் உங்களிடம் இருப்பதால் அங்கே எப்படி நடந்துகொள்வது என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மற்றது பொது அறை. அதிலும் உங்களுக்கு உரிமை உண்டு என்று குடியேறும் நாளில் சொல்லிவிடுவார்கள். எந்த நாற்காலியில் உட்காரலாம், டி.வி.யை எத்தனை மணிக்கு அணைக்க வேண்டும், தரையைத் துடைப்பது யார் முறை என்பவற்றை மட்டும் சொல்ல மாட்டார்கள். அதனால் புதியவர்களில் சிலர் வாசலோடு எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். வேறு சிலர் தம் சொந்தக் கூடமே என்று எண்ணிப் பொருள்களைப் பரப்பிவைத்து, முதல் வாரத்திலேயே மற்றவர்களின் முகச்சுளிப்பைச் சம்பாதித்துக்கொள்கிறார்கள்.

இந்த இரண்டுக்கும் நடுவே உள்ள வழியைப் படிப்படியாகச் சொல்வதுதான் இக்கட்டுரையின் நோக்கம். எல்லோருக்கும் உரிய அறையில் ஒவ்வொரு வேலைக்கும் பெயர் தெரிந்த ஓர் ஆள் இருந்தால்தான் அந்த அறை உருப்படியாக இருக்கும் என்பது என் உறுதியான கருத்து. ஆகவே கீழே வரும் படிகள் எல்லாம், முகம் தெரியாதவராக உள்ளே வரும் நீங்கள் அப்படிப் பெயர் தெரிந்த ஓர் ஆளாக மாறுவதற்கான படிகளே.

முதல் படி: ஒரு வாரம் பார்த்துக்கொண்டிருங்கள்

வந்த உடனே எதையும் மாற்றவோ குறைசொல்லவோ வேண்டாம். காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை, இரவு ஆள் நடமாட்டம் அடங்கிய பின் ஒருமுறை அந்த அறைக்குள் போய்ச் சற்று நேரம் இருந்து பாருங்கள். மூன்று வேளைக்கும் மூன்று விதமான ஆட்கள் வருவார்கள். ஒரு வேளையின் வழக்கம் மற்றொரு வேளைக்குப் பொருந்தாது. மாலையில் சத்தமாகச் சிரித்துப் பேசும் இடமே, காலையில் இருவர் மட்டும் வாய்திறக்காமல் செய்தித்தாள் புரட்டும் இடமாக இருக்கலாம்.

ஆட்களைவிடப் பொருள்கள் அதிகம் சொல்லும். ரிமோட்டின் பின்மூடி தொலைந்துபோய், பேட்டரி விழாமல் இருக்க ஒட்டுநாடா சுற்றியிருக்கிறதா? அந்த நாடா புதிதாக, ஓரம் மடித்து ஒட்டப்பட்டிருந்தால் அக்கறை எடுத்துக்கொள்ளும் ஒருவர் இங்கே இருக்கிறார் என்று பொருள். அழுக்கேறிப் பாதி உரிந்து தொங்கினால், எப்போதோ இருந்தவர் போய்விட்டார் என்று பொருள். பிளக் பாயின்ட்டின் அருகே மட்டும் நாற்காலி இழுபட்ட கோடுகள் தரையில் தெரிந்தால், மின் இணைப்புகள் போதவில்லை என்று அறிந்துகொள்ளலாம். தொட்டியில் கழுவாத குவளைகள் கிடந்தால் அவை எத்தனை என்பதைவிட, மறுநாள் காலையிலும் அவையே கிடக்கின்றனவா என்பதைக் கவனியுங்கள். அறிவிப்புப் பலகையில் உள்ள தாள்களின் தேதியையும் ஒரு பார்வை பாருங்கள். சென்ற ஆண்டின் அறிவிப்பு இன்னும் அங்கேயே தொங்கினால் பலகையை யாரும் படிப்பதில்லை. உண்மையான தகவல் வாட்ஸ்அப் குழுவிலோ வாய்வழியாகவோ போய்க்கொண்டிருக்கிறது.

எழுதிவைத்த விதிகள் ஒரு பக்கம், நடைமுறை வேறொரு பக்கம் என்பது எல்லாப் பொது அறைகளிலும் காணக்கூடியதுதான். ‘பத்து மணிக்கு மேல் அனுமதி இல்லை’ என்று சுவரில் இருக்கும். பதினொன்று வரை ஆள் இருப்பார்கள், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். எது உண்மையில் நடைமுறையில் உள்ளது என்பதை நெடுநாளாக இருப்பவர் ஒருவரிடம் நேரடியாகக் கேட்டுவிடுவது நல்லது. “நான் புதிதாக வந்திருக்கிறேன், இங்கே எது வழக்கம் என்று சொல்லுங்கள்” என்ற ஒரு கேள்விக்குப் பெரும்பாலோர் மகிழ்ச்சியோடு பதில் சொல்வார்கள். அந்தக் கேள்வியே முதல் அறிமுகமாகவும் ஆகிவிடும்.

இரண்டாம் படி: ஒரே நேரத்தில் தொடர்ந்து வாருங்கள்

பழக்கம் என்பது பேச்சுத் திறமையால் வருவதைவிட அடிக்கடி கண்ணில் படுவதால் வருகிறது. அமெரிக்காவின் எம்.ஐ.டி. வளாகத்தில் மணமான மாணவர்கள் குடியிருந்த வெஸ்ட்கேட் குடியிருப்பை ஆராய்ந்து லியோன் ஃபெஸ்டிங்கரும் இரு சக ஆய்வாளர்களும் 1950-இல் வெளியிட்ட முடிவு இதைத்தான் காட்டியது. அங்கே நட்பு பெரும்பாலும் பக்கத்து வீட்டாரோடுதான் ஏற்பட்டிருந்தது. மாடிப்படியின் அடியில் குடியிருந்தவர்களுக்கு மேல்மாடியிலும் நண்பர்கள் அதிகமாக இருந்தார்கள். மேல்மாடிக்காரர்கள் ஏறி இறங்கும்போதெல்லாம் அவர்களைக் கடந்து போனதே காரணம். உங்கள் கதவு மாடிப்படியின் அருகே இல்லாமல் போகலாம். பொது அறை அந்தக் குறையை ஈடுசெய்யும். ஆனால் அதற்கு நீங்கள் எப்போது வருவீர்கள் என்பது மற்றவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். வாரத்தில் ஒருநாள் மூன்று மணி நேரம் இருப்பதைவிட, நாள்தோறும் ஒரே வேளையில் அரை மணி நேரம் இருப்பது மேல்.

பொறுமையும் வேண்டும். கன்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி ஹால் 2018-இல் வெளியிட்ட ஆய்வின்படி, அறிமுகமான ஒருவர் மேலோட்டமான நண்பராக ஆவதற்குச் சேர்ந்து கழித்த நேரம் ஏறத்தாழ 50 மணி. நண்பர் என்று சொல்லத்தக்கவராக 90 மணி அளவில். நெருங்கிய நண்பராக 200 மணிக்கும் மேல். இந்த எண்களைக் கடிகாரம் பார்த்துக் கணக்கிடத் தேவையில்லை. நாளுக்கு அரை மணி என்று வைத்துக்கொண்டால் முதல் 50 மணிக்கே மூன்று மாதங்களுக்கு மேல் ஆகிவிடும் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டால், ‘இரண்டு வாரமாக வருகிறேன், யாரும் சேர்த்துக்கொள்ளவில்லை’ என்ற மனக்கசப்பு வராது.

எங்கே உட்காருவது என்பதும் முக்கியம். மூலையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்தால் தொந்தரவு செய்ய வேண்டாம் என்று சொல்வதாகவே மற்றவர்கள் எடுத்துக்கொள்வார்கள். அறையின் நட்ட நடுவில் இடம்பிடித்தால் வருகிறவர்கள் எல்லோரும் உங்களைச் சுற்றிக்கொண்டு போக வேண்டியிருக்கும். நடமாடும் வழி கண்ணில் படுகிற, ஆனால் வழியை மறிக்காத ஓரிடமே புதியவருக்கு ஏற்றது. காதில் இயர்போன் மாட்டாமல், கையில் ஒரு புத்தகமோ சிறு கைவேலையோ வைத்திருங்கள். பேச விரும்புகிறவர் பேசலாம், விரும்பாதவர் தலையசைத்துவிட்டுப் போகலாம். கூச்ச சுபாவம் உள்ளவர்கள் இதைக் கேட்டு ஆறுதல் அடையலாம்: பொது அறையில் எப்போதும் பேசிக்கொண்டே இருக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. மற்றவர்கள் பேசும்போது அருகில் அமைதியாகப் படித்துக்கொண்டிருப்பவரும் அந்தக் கூட்டத்தில் ஒருவர்தான். அவர் ஒருநாள் வராவிட்டால் ‘எங்கே காணோம்?’ என்று கேட்பார்கள், அவ்வளவு போதும்.

விருந்தினரை அழைத்து வருவதை முதல் மாதத்தில் தவிர்த்துவிடுங்கள். உங்களையே இன்னும் முழுதாக அறியாதவர்கள், உங்களோடு வரும் இன்னொருவரையும் சேர்த்துப் பழக வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை.

மூன்றாம் படி: ஒரு சிறு வேலையை உங்கள் பெயரில் எடுத்துக்கொள்ளுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் பின்பற்ற முடியும் என்றால் இதைப் பின்பற்றுங்கள். பொதுப் பொருள்கள் எப்படிக் காணாமல் போகின்றன என்பதை ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் நகரில் உள்ள பர்னெட் ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் சற்று வேடிக்கையாகவும், ஆனால் முறையாகவும் ஆராய்ந்திருக்கிறார்கள். தங்கள் நிறுவனத்தின் எட்டு ஓய்வறைகளில் 70 தேக்கரண்டிகளை அடையாளமிட்டு வைத்து, ஐந்து மாதங்கள் எண்ணிக்கொண்டே வந்தார்கள். முடிவில் 56 கரண்டிகள் காணாமல் போயிருந்தன. இதைவிட என் கவனத்தை ஈர்த்தது மற்றொரு கணக்கு. யார் வேண்டுமானாலும் பயன்படுத்தும் பொது அறைகளில் இருந்த கரண்டிகளில் பாதி மறைய 42 நாள்களே ஆயின. குறிப்பிட்ட ஒரு குழுவினர் பயன்படுத்திய அறைகளிலோ 77 நாள்கள் ஆயின. கட்டடம் ஒன்று, நிறுவனம் ஒன்று. ஆனாலும் ‘இது எங்கள் அறை’ என்று சொல்லக்கூடிய சிறு குழு இருந்த இடத்தில் கரண்டிகள் கூடுதல் நாள் தாக்குப்பிடித்தன. இந்த ஆய்வு 2005-இல் ஒரு புகழ்பெற்ற மருத்துவ இதழில் வெளிவந்தது.

இதையே முறையாக ஆக்கிக்கொண்ட சமூகங்களும் உண்டு. போர்னியோ தீவின் இபான் மக்கள் வாழும் நீள்வீடுகளில் குடும்பங்களின் அறைகள் வரிசையாக இருக்கும். அவற்றின் முன்னே வீட்டின் முழு நீளத்துக்கும் ‘ருவாய்’ எனப்படும் கூரையிட்ட கூடம் ஓடும். பார்வைக்குத் தடுப்பே இல்லாத ஒரே கூடம். யாரும் எங்கும் நடக்கலாம், உட்காரலாம். ஆனால் ஒவ்வொரு குடும்பத்தின் அறைக்கு முன்னால் உள்ள பகுதி அந்தக் குடும்பத்தின் பொறுப்பு. பயன்பாடு எல்லோருக்கும், பராமரிப்பு பெயர் சொல்லி என்னும் இந்தப் பிரிவினை எந்தப் பொது அறைக்கும் பொருந்தும்.

ஆகவே ‘எல்லோரும் சேர்ந்து சுத்தமாக வைத்துக்கொள்வோம்’ என்ற பொதுவான உறுதிமொழிக்குத் தலையாட்டிவிட்டு நின்றுவிடாதீர்கள். கண்ணுக்குத் தெரியும், சிறிய, திரும்பத் திரும்பச் செய்ய வேண்டிய ஒரு வேலையைத் தேர்ந்தெடுங்கள். புத்தக அலமாரியை அடுக்குவது, செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றுவது, ரிமோட் பேட்டரியைக் கவனிப்பது, இரவில் ஜன்னல்களைச் சாத்தி விளக்கையும் ஃபேனையும் அணைப்பது, காலாவதியான அறிவிப்புகளைப் பலகையிலிருந்து எடுப்பது ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று போதும். ஏற்கெனவே அதைச் செய்பவர் யாராவது இருக்கிறாரா என்று முதலில் கேளுங்கள். இருந்தால் அவரிடமிருந்து பிடுங்காமல் அவருக்கு உதவியாளராகச் சேருங்கள். இல்லையென்றால், “இனி இதை நான் பார்த்துக்கொள்கிறேன்” என்று வாட்ஸ்அப் குழுவில் ஒரு வரி எழுதுங்கள். அடக்கம் கருதி அந்த வரியை எழுதாமல் விடாதீர்கள். பெயர் தெரியாமல் செய்யப்படும் வேலை தானாக நடப்பதாகவே மற்றவர்களுக்குத் தோன்றும். நீங்கள் ஊருக்குப் போகும்போது அதை யாரிடம் ஒப்படைப்பது என்றும் தெரியாது.

பெரிய வேலையை முதலிலேயே ஏற்றுக்கொள்வது மட்டும் வேண்டாம். அறை முழுவதையும் நாள்தோறும் பெருக்குவேன் என்று ஆர்வத்தில் சொல்லிவிட்டு மூன்றாம் வாரம் கைவிடும் புதியவரைவிட, செடிக்கு ஆறு மாதம் தவறாமல் தண்ணீர் ஊற்றுபவருக்கே மதிப்பு அதிகம்.

நான்காம் படி: சுத்தமும் சத்தமும்

பொது அறைச் சச்சரவுகள் பெரும்பாலும் இந்த இரண்டில்தான் தொடங்கும். குப்பை எங்கே கிடக்கிறதோ அங்கேயே மேலும் குப்பை சேரும் என்பது அனுபவத்தில் எல்லோரும் அறிந்ததுதான். ராபர்ட் சியால்டினியும் உடன் ஆய்வாளர்களும் 1990-இல் வெளியிட்ட சோதனைகளும் அதையே உறுதிசெய்தன. ஏற்கெனவே குப்பை இறைந்து கிடந்த இடத்தில், கையில் கிடைத்த துண்டுக்காகிதத்தைக் கீழே போட்டவர்கள், சுத்தமான இடத்தில் போட்டவர்களைவிட அதிகம். இதிலிருந்து கிடைக்கும் நடைமுறைப் பாடம் எளியது: வாரம் ஒருமுறை பெரிய சுத்தம் செய்வதைவிட, ஒவ்வொரு நாளின் கடைசியிலும் தொட்டியும் மேசையும் காலியாக இருப்பது பயன் தரும். உங்கள் குவளையைக் கழுவும்போது பக்கத்தில் கிடக்கும் இன்னொன்றையும் சேர்த்துக் கழுவிவிடுங்கள். ஆனால் அதைச் சொல்லிக்காட்டாதீர்கள்.

சொல்லிக்காட்டக் கூடாது என்பதற்கு வலுவான காரணம் உண்டு. மைக்கேல் ராஸ், ஃபியோரே சிகோலி ஆகியோர் 1979-இல் வெளியிட்ட ஆய்வில், கணவனிடமும் மனைவியிடமும் வீட்டு வேலைகளில் தங்கள் பங்கு எவ்வளவு என்று தனித்தனியே கேட்டார்கள். இருவர் சொன்னதையும் கூட்டினால் பெரும்பாலும் நூறு விழுக்காட்டைத் தாண்டியது. யாரும் பொய் சொல்லவில்லை. தான் செய்தது ஒவ்வொருவருக்கும் நினைவில் நிற்கிறது, அடுத்தவர் செய்தது கண்ணில் படுவதே இல்லை. இரண்டே பேர் உள்ள வீட்டில் இப்படி என்றால், இருபது பேர் புழங்கும் அறையில் கேட்கவே வேண்டாம். ஆகவே ‘நான் மட்டும்தான் செய்கிறேன்’ என்று உங்களுக்குத் தோன்றும் நாளில், அதே எண்ணம் அங்குள்ள இன்னும் ஐந்து பேருக்கும் இருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். முறைப்பட்டியல் ஒன்றை எழுதிச் சுவரில் ஒட்டி, செய்தவர் தேதியோடு கையெழுத்திடும் வழக்கம் இருந்தால் இந்த வாக்குவாதத்தில் பாதி குறைந்துவிடும்.

சத்தம் சற்று வேறு வகை. இரைச்சலான இடத்தில் மனிதர்கள் தம்மை அறியாமலே குரலை உயர்த்துகிறார்கள் என்று பிரெஞ்சு மருத்துவர் எத்தியென் லோம்பார் 1911-இல் எழுதினார். இன்றும் அவ்விளைவு அவர் பெயராலேயே அழைக்கப்படுகிறது. டி.வி. ஓடிக்கொண்டிருக்கும் அறையில் நால்வர் பேசினால், டி.வி.யை மீறக் குரல் உயரும். குரலை மீற யாராவது டி.வி.யின் ஒலியைக் கூட்டுவார். இப்படியே ஏறிக்கொண்டு போகும். “மெதுவாகப் பேசுங்கள்” என்று அதட்டுவதைவிட, யாரும் பார்க்காத டி.வி.யை அணைக்கலாமா என்று கேட்டு அணைப்பது விரைவில் பலன் தரும். வெறும் தரையும் வெறும் சுவரும் உள்ள அறையில் ஒலி எதிரொலித்துப் பெருகும் என்பதால், தடித்த திரைச்சீலை, தரைவிரிப்பு, நிறைய புத்தகங்கள் அடுக்கிய அலமாரி ஆகியவையும் உதவும். செல்பேசி அழைப்புகளை வெளியே போய்ப் பேசுவது என்ற ஒரே ஒரு வழக்கம் நிலைத்துவிட்டால் மற்ற ஒலிகளை மனிதர்கள் பொறுத்துக்கொள்வார்கள்.

ஐந்தாம் படி: நாற்காலிகளைத் தொடும் காலம்

மூன்று மாதம் ஆனபின், இடவமைப்பைப் பற்றிப் பேச உங்களுக்கு உரிமை வந்துவிட்டது என்று கொள்ளலாம். யாரும் தங்காத பொது அறைகளில் பெரும்பாலானவற்றுக்கு நோய் ஆட்களிடத்தில் இல்லை, நாற்காலி போட்ட விதத்தில்தான் இருக்கிறது. கனடாவின் சஸ்காட்செவன் மாகாண மருத்துவமனை ஒன்றின் முதியோர் பிரிவில், நாற்காலிகள் எல்லாம் சுவரோரமாக வரிசையாகப் போடப்பட்டிருந்தன. நல்ல வெளிச்சமும் புதிய தளவாடங்களும் இருந்தும் முதியவர்கள் பேசிக்கொள்ளவில்லை. உளவியலாளர் ராபர்ட் சோமரும் ஹியூகோ ராஸும் அந்த நாற்காலிகளைச் சிறு சதுர மேசைகளைச் சுற்றிப் போட்டுப் பார்த்தார்கள். தொடக்கத்தில் எதிர்ப்பு வந்தது; நாற்காலிகள் மீண்டும் சுவரோரத்துக்கே போயின. சில வாரங்கள் விடாமல் செய்தபின், பேச்சு ஏறத்தாழ இரு மடங்காகியிருந்தது. மேசை வந்ததால் பத்திரிகை வைக்க இடம் கிடைத்து, படிப்பதும் கூடியது. அந்த ஆய்வு வெளிவந்தது 1958-இல். ஆனால் பெருக்குவதற்கு வசதி, பார்ப்பதற்கு ஒழுங்கு என்ற காரணங்களால் சுவரோர வரிசை இன்றும் பல பொது அறைகளில் அப்படியே இருக்கிறது.

நீங்கள் செய்ய வேண்டியது இதுதான். முதலில் அறையில் உள்ளவர்களிடம் ஒரு மாதச் சோதனை என்று சொல்லி ஒப்புதல் பெறுங்கள். நான்கு அல்லது ஐந்து நாற்காலிகளை ஒரு தாழ்ந்த மேசையைச் சுற்றி, எதிரெதிரே இருப்பவர்களுக்கு இடையே ஒன்றரை மீட்டர் முதல் இரண்டு மீட்டர் வரை இருக்குமாறு போடுங்கள். அந்த அளவுக்குக் குறைந்தால் புதியவர்களுக்குச் சங்கடமாக இருக்கும். மூன்று மீட்டரைத் தாண்டினால் குரலை உயர்த்த வேண்டிவரும். இருவர் மட்டும் உட்காரும் ஓரிடமும், ஒருவர் தனியாகப் படிக்கும் ஓரிடமும் அதே அறையில் இருக்கட்டும். கனத்த சோபாக்களைவிட எளிதில் நகர்த்தக்கூடிய நாற்காலிகள் நல்லவை. நியூயார்க் நகரின் திறந்தவெளிகளைப் பல ஆண்டுகள் படம்பிடித்து ஆராய்ந்த வில்லியம் வைட், மனிதர்கள் உட்காரும் முன் நாற்காலியைச் சில அங்குலமாவது நகர்த்துகிறார்கள், அதனால் வேறு பயன் எதுவும் இல்லாவிட்டாலும்கூட, என்று பதிவுசெய்திருக்கிறார். தன் இருக்கையைத் தானே தீர்மானித்த நிறைவு அதில் கிடைக்கிறது போலும்.

அறை எங்கே இருக்க வேண்டும் என்பது கட்டியவர் கையில் இருந்தது. அதை நீங்கள் மாற்ற முடியாது. ஆனால் கட்டடக் கலைஞர் கிறிஸ்டோபர் அலெக்ஸாண்டரும் அவர் குழுவினரும் 1977-இல் எழுதிய கருத்தொன்று இங்கே உதவும். அன்றாடம் வந்துபோகும் வழி பொது இடத்தை ஓரமாகத் தொட்டுக்கொண்டு செல்ல வேண்டும் என்றார்கள் அவர்கள். வழி அறையின் நடுவே ஊடுருவினால் அங்கே யாரும் அமைதியாக உட்கார முடியாது. வழியே இல்லாத கடைக்கோடியில் இருந்தால் யாரும் போக மாட்டார்கள். உங்கள் பொது அறை மூன்றாம் மாடியின் கடைக்கோடியில் இருந்தால், எல்லோரும் எப்படியும் தேடிவந்தாக வேண்டிய ஏதாவது ஒன்றை அங்கே வையுங்கள். தபால்கள், பார்சல்கள், குடிநீர் எந்திரம், இஸ்திரி மேசை ஆகிய இவற்றில் ஒன்று அங்கே போனாலே ஆட்கள் தாமாகக் கடந்து போவார்கள். கடந்து போகிறவர்களில் சிலர் நிற்பார்கள். கதவு கண்ணாடியாலானதாகவோ திறந்தோ இருப்பது நல்லது. உள்ளே யார் இருக்கிறார்கள் என்று தெரியாமல் மூடிய கதவைத் தள்ளுவதற்குப் புதியவர்கள் தயங்குவார்கள்.

ஆறாம் படி: பொதுப் பணம்

சோப்பு, பேட்டரி, பல்பு, குப்பைப் பை போன்ற சில்லறைச் செலவுகளுக்கு ஒரு பொதுப் பெட்டி இருக்கும். இங்கிலாந்தின் நியூகாசில் பல்கலைக்கழகத் துறை ஒன்றின் ஓய்வறையில், குடிக்கும் பானத்துக்கு அவரவரே பணம் போடும் பெட்டியை வைத்து 2006-இல் வெளியான ஆய்வு பலரும் அறிந்தது. கண்களின் படம் ஒட்டிய வாரங்களில், பூப்படம் ஒட்டிய வாரங்களைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு பணம் சேர்ந்தது. பின்னர் வந்த சோதனைகள் எல்லாம் இதே அளவுக்குப் பலன் காட்டவில்லை. எப்படியிருந்தாலும் சுவரில் கண் படம் ஒட்டுவதைவிட, வரவு செலவை ஒரு தாளில் எழுதிப் பெட்டியின் அருகிலேயே ஒட்டுவதைத்தான் நான் பரிந்துரைப்பேன். யார் கொடுக்கவில்லை என்ற பட்டியல் வேண்டாம். எவ்வளவு வந்தது, எதற்குப் போனது, மீதி எவ்வளவு என்பது போதும். பணத்தை வைத்திருப்பவர் ஒருவர், கணக்கைப் பார்ப்பவர் வேறொருவர் என்று இருக்கட்டும்.

ஏழாம் படி: விதி எழுதுவதும் மீறியவரிடம் பேசுவதும்

பொதுச் சொத்து எப்படியும் சீரழியும் என்று 1968-இல் அமெரிக்க உயிரியலாளர் காரெட் ஹார்டின் எழுதிய கட்டுரை நெடுங்காலம் செல்வாக்குப் பெற்றிருந்தது. அமெரிக்க அரசியல் அறிவியலாளர் எலினோர் ஆஸ்ட்ரம் அதை ஏற்காமல், உலகின் பல பகுதிகளில் மேய்ச்சல் நிலங்களையும் நீர்ப்பாசனத்தையும் மீன்பிடி இடங்களையும் மக்கள் தாமே தலைமுறை தலைமுறையாகக் காத்துவருவதை ஆராய்ந்து 1990-இல் வெளியிட்டார். 2009-இல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசும் பெற்றார். நிலைத்து நின்ற இடங்களில் அவர் கண்ட பொதுக் கூறுகள் பல. அவற்றுள் மூன்று பொது அறைக்கு அப்படியே பொருந்துகின்றன. விதியால் பாதிக்கப்படுவோரே விதியை மாற்றுவதிலும் பங்கு கொள்கிறார்கள். கண்காணிப்பவர்கள் அவர்களுக்குள்ளேயே இருக்கிறார்கள், அல்லது அவர்களுக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்கள். மீறியவருக்கான நடவடிக்கை மிக இலேசாகத் தொடங்கி, மீறல் தொடர்ந்தால் மட்டுமே கடுமையாகிறது.

கடைசியாகச் சொன்னதைத்தான் பொது அறைகளில் தலைகீழாகச் செய்கிறார்கள். பல மாதங்கள் எல்லோரும் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்திருப்பார்கள். பிறகு ஒருநாள் சிவப்பு எழுத்தில், ‘இனி பாத்திரம் கழுவாமல் போட்டால் குப்பைத்தொட்டியில் எறியப்படும்’ என்று ஒரு தாள் சுவரில் ஏறும். யார் எழுதியது என்று தெரியாது, யாருக்கு எழுதியது என்பது எல்லோருக்கும் தெரியும். அந்தத் தாள் ஒட்டப்பட்ட பிறகு குற்றம் செய்யாதவர்களும் அந்த அறைக்கு வருவதைக் குறைத்துக்கொள்கிறார்கள். இப்படி ஒரு தாளை எழுத உங்களுக்குக் கை துறுதுறுத்தால், முதலில் அந்த ஆளைத் தனியே பார்த்து, மற்றவர்கள் காதில் விழாமல் ஒருமுறை சொல்லுங்கள். “நேற்று இரவு குவளை அப்படியே இருந்தது, அவசரமா?” என்ற அளவு போதும். பெயரைச் சொல்லிக் குழுவில் எழுதுவது, அதற்குக் கீழே மற்றவர்கள் கட்டைவிரல் படம் போடுவது, இவை மிகவும் புண்படுத்தும். அதன்பின் அவர் அறைக்கு வந்தாலும் யாரோடும் பேச மாட்டார். இரண்டாவது முறையும் தொடர்ந்தால் பொறுப்பாளரை உடன் வைத்துப் பேசலாம். மூன்றாவதாகத்தான் கூட்டத்தில் வைக்க வேண்டும்.

விதிகளின் எண்ணிக்கை ஒரு தாளின் ஒரு பக்கத்தைத் தாண்டக் கூடாது. ஒவ்வொரு விதியும் என்ன செய்யக் கூடாது என்பதைவிட என்ன செய்ய வேண்டும் என்பதைச் சொல்லட்டும்; ‘நாற்காலிகளைக் கலைக்காதீர்’ என்பதற்குப் பதில் ‘போகும்போது நாற்காலிகளை மேசையருகே விட்டுச் செல்லவும்’ என்று எழுதலாம். ஆண்டுக்கு இருமுறை விதித்தாளை எடுத்து, யாரும் பின்பற்றாத விதிகளை அடித்துவிடுங்கள். பின்பற்றப்படாத ஒரு விதி சுவரில் இருந்தால் மற்ற விதிகளுக்கும் மதிப்புக் குறையும்.

புதியவர்களுக்கு இங்கே ஓர் எச்சரிக்கை. பழையவர்கள் இருவருக்கிடையே உங்களுக்கு முன்பிருந்தே ஒரு பிணக்கு இருக்கக்கூடும். ஃபேனின் வேகம், ஜன்னல், செய்தித்தாளின் நடுப்பக்கம் என்று ஏதோ ஒன்றை வைத்து அது வெளிப்படும். இரு தரப்பும் தனித்தனியே உங்களிடம் வந்து சொல்வார்கள், ஏனென்றால் இன்னும் பக்கம் சாராதவர் நீங்கள் ஒருவர்தான். கேட்டுக்கொள்ளுங்கள், தீர்ப்புச் சொல்லாதீர்கள், ஒருவர் சொன்னதை மற்றவரிடம் கொண்டுபோகாதீர்கள்.

எட்டாம் படி: விடைபெறும்போது

தங்கியிருப்போர் மாறிக்கொண்டே இருக்கும் இடங்களில், ஒவ்வொருவர் போகும்போதும் அறையைப் பற்றிய அறிவில் ஒரு பகுதியும் சேர்ந்து போய்விடுகிறது. இடதுபக்க ஜன்னலைச் சாத்தும்போது சற்றுத் தூக்கிச் சாத்த வேண்டும், எந்த சுவிட்ச் வெளிவிளக்கையும் சேர்த்து அணைக்கிறது, தண்ணீர்க் குழாய் கசிந்தால் யாரை அழைப்பது போன்றவை எங்கும் எழுதப்படாமல் உங்கள் தலையில் மட்டும் இருக்கும். கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பே உங்கள் வேலையை ஏற்றுக்கொள்ளும் ஒருவரைக் கண்டுபிடித்து, இரண்டு வாரம் உடன் வைத்துச் செய்துகாட்டுங்கள். அவர் அண்மையில் குடியேறியவராக இருந்தால் இன்னும் நல்லது. இந்தக் குறிப்புகளை ஒரு தாளில் எழுதி அலமாரிக் கதவின் உட்பக்கம் ஒட்டுங்கள்.

அலமாரியில் உள்ள உங்கள் பொருள்களை முழுவதும் எடுத்துவிடுங்கள். ‘யாருக்காவது பயன்படட்டும்’ என்று விட்டுப்போகும் பழைய சார்ஜர்களும் பாதி எழுதிய நோட்டுகளும் யாருக்கும் பயன்படுவதில்லை. உரியவர் யாரென்று தெரியாததால் எறியவும் துணிய மாட்டார்கள். உண்மையிலேயே பயன்படும் பொருள் என்றால், அதைப் பெயர் சொல்லி ஒருவரிடம் கொடுங்கள். பொதுப் பெட்டிக்கு நீங்கள் தர வேண்டிய பாக்கி இருந்தால் தீர்த்துவிட்டு, கணக்குத் தாளில் அதைக் குறியுங்கள். சாவியை யாரிடம் ஒப்படைத்தீர்கள், உங்கள் வேலையை இனி யார் பார்க்கிறார் என்ற இரண்டையும் குழுவில் எழுதிய பிறகு, குழுவிலிருந்து வெளியேறலாம்.